பெட்டிக்குள் இருந்த சின்னஞ்சிறு பொருள்கள்

சென்ற கோடை விடுமுறையில், மேலூரிலுள்ள எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்ய நாங்கள் நால்வர் சென்றோம். தாத்தா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தூசி படிந்த ஓர் அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்தால் உள்ளே பழைய பிபிசி மைக்ரோ கணிப்பொறி! தாம் பணியாற்றிய பள்ளி பழைய சாமான்களை ஏலம் விட்டபோது தாத்தா வாங்கியதாம். "காயலான் கடைக்குப் போடுங்கம்மா, இடமாவது மிஞ்சும்" என்றார் பாட்டி. தாத்தா வாய் திறக்கவில்லை. எங்களுக்கோ அதன் வரலாற்றை அறியும் ஆவல் பிறந்தது.

இக்கணிப்பொறி 1981-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. நம் நாட்டில் 1984-85-இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் வழியாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு வந்தது. பின்னர் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதனை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது.

பழைய கணிப்பொறிகளைச் சேகரிப்போர், பெட்டியோடு வந்த சிறு பொருள்கள் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தோடு இருந்தும் திருகாணி தொலைந்துபோனால் நாம் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்! விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தைப் பரணிலாவது ஏற்றி வைப்பார்கள். கையேடும் காசெட்டும் அட்டைத் துண்டும் பழைய பேப்பரோடு போய்விடும். ஆகவே அவற்றுக்குத்தான் கிராக்கி. 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் பெட்டியில் ஆறு நிற ஆப்பிள் ஸ்டிக்கரும், பக்கவாட்டில் பொருத்த ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டும் இருந்தன. அத்துண்டு, நிரல் எழுதுவோர் இயந்திரத்தை மீண்டும் தொடங்க உதவும் விசை. மற்றவர்கள் அதைப் பொருத்தாமலே தொலைத்தார்கள். இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

தாத்தாவின் பெட்டியில் கையேடு இருந்தது. ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. விசைப்பலகையில் பத்துச் சிவப்பு விசைகள். அவற்றுக்கு மேலே, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையின் கீழ் ஒரு காகிதக் கீற்று. எந்த விசை என்ன செய்யும் என்று தாத்தா அதில் 'ஓடு', 'பட்டியல்', 'அழி' எனத் தம் கைப்பட எழுதியிருந்தார். அடியில் கிடந்தது 'வெல்கம்' காசெட். புதிதாக வாங்கியவர்களுக்கு இயந்திரத்தை அறிமுகப்படுத்தும் நிரல்கள் அதில் இருக்கும்.

காசெட்டின் முதுகில் இரண்டு சிறு நாக்குகள் உண்டல்லவா? மேலே வேறொன்றைப் பதிவு செய்யாதிருக்க அவற்றை உடைத்துவிடுவார்கள். இந்தக் காசெட்டிலோ அப்பள்ளங்களின் மேல் காகிதம் ஒட்டியிருந்தது. வியப்புடன் டேப் ரிக்கார்டரில் போட்டோம். முதலில் காதைத் துளைக்கும் கீச்சொலி. நிரல் அப்படித்தான், நொடிக்கு 1200 பிட் வீதம், ஒலியாகப் பதிவாகியிருக்கும். திடீரென அது அறுந்து, பிள்ளைகள் சேர்ந்து பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. நடுவே தாத்தாவின் அதட்டல்!

சேகரிப்போர் கணக்கில் இது கெட்டுப்போன காசெட். நன்றாயிருந்தால் நல்ல விலை பெறுமே என்று எங்களுள் ஒருத்தி வருந்தி, வெளித்தோற்றமாவது பழையபடி இருக்கட்டுமென்று நகத்தால் அக்காகிதத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

"அதை உரிச்சிடாதீங்கம்மா" என்றார் தாத்தா.

அதற்குள் பாட்டி சமையற்கட்டிலிருந்து வந்து கதவருகே நின்றார். "கடைசியா இழுத்துச் சொல்றது நம்ம பையன் குரல்ல?" என்றார். எங்கள் தோழி தன் அப்பாவின் சிறுவயதுக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். மறுபடியும் ஓடவிடச் சொன்னார் பாட்டி. காயலான் கடைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை.