போக்குவரத்துக் கொடுப்பனவு: எது சம்பளம், எது செலவு?

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடை, அதற்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். முதலாளி மாதம் முடிந்ததும் முகாமையாளருக்குச் சம்பளத்தோடு 20,000 ரூபாவைப் 'போக்குவரத்து' என்று எழுதிக் கொடுக்கிறார். புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும் ஊழியருக்கு ஓட்டோக் காசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். கணக்கெழுதுபவர் இரண்டையும் 'போக்குவரத்துச் செலவு' என்ற ஒரே தலைப்பில் பதிந்துவிடுகிறார்.

வியாபாரத்துக்காகச் செய்யப்பட்ட செலவு என்ற வகையில், கடையின் இலாபத்தைக் கணக்கிடும்போது இரண்டையும் கழிக்கலாம். அதனாலேயே பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் ஊழியரின் வரி என்று வரும்போது இவை இரண்டும் ஒன்றல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தொழில் வருமானத்தைப் பற்றியது. வாழ்க்கைச் செலவு, வாடகை, உபசரிப்பு ஆகியவற்றுக்கான கொடுப்பனவுகளோடு போக்குவரத்துக் கொடுப்பனவும் அங்கு பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டுள்ளது. அதே பிரிவு, தொழில்தருநரின் சார்பில் ஊழியர் செய்த செலவை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதை வருமானத்திலிருந்து விலக்கிவிடுகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பயணம் யாருடையது? வீட்டிலிருந்து கடைக்கு வருவது ஊழியரின் சொந்தப் பயணம். வெள்ளவத்தைக் கடையிலிருந்து கொட்டாஞ்சேனைக் கிளைக்குப் பொருள் கொண்டு செல்வதும், வங்கிக்குப் போவதும், துறைமுகத்துக்குப் போவதும் கடையின் பயணம். முன்னையதற்குக் கொடுப்பது வருமானம். பின்னையதற்குக் கணக்குக் காட்டிப் பெறுவது வருமானமல்ல. கணக்குக் கேட்காமல் மாதாமாதம் கொடுக்கும் நிலையான தொகையை, அதற்கு 'பெற்றோல் காசு' என்று பெயரிட்டாலும், கொடுப்பனவாகவே கருத வேண்டும்.

ஓர் உதாரணம்

2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதத்துக்கு 150,000 ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீத வரி. நமது முகாமையாளரின் சம்பளம் 145,000 ரூபா என்போம். போக்குவரத்துக் கொடுப்பனவு 20,000 சேரும்போது மொத்தம் 165,000 ஆகிறது. எல்லையைத் தாண்டிய 15,000க்கு 6 வீதமாக மாதம் 900 ரூபா, வருடத்துக்கு 10,800 ரூபா வரி. அந்த 20,000 முழுவதும் கடை வேலைக்காக உண்மையாகச் செலவாகி, கணக்கும் ஒப்படைக்கப்பட்டிருந்தால் வரி எதுவுமில்லை.

இவ்வரியைச் சம்பளத்தில் கழித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துவது முதலாளியின் பொறுப்பு. 2020இல் ஊழியரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த இக்கழிப்பு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. கழிக்கத் தவறினால் அத்தொகைக்கு முதலாளியே பொறுப்பாளி. சாதாரண விற்பனை ஊழியர் பலர் 150,000 எல்லையைத் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால் எல்லையைத் தாண்டினாரா இல்லையா என்பதைக் கொடுப்பனவையும் கூட்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சேமலாப நிதியில் கை வைக்கலாமா?

இங்கு இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 60,000 ரூபா சம்பளத்துக்குப் பேசி ஒருவரை வேலைக்குச் சேர்த்துவிட்டு, ஏட்டில் 40,000 சம்பளம், 20,000 போக்குவரத்து என்று பிரித்து எழுதுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்டும் 3 வீதமும் குறையும் என்பதே நோக்கம். மாதம் 3,000 ரூபா மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த ஊழியர் 10 வருடங்கள் வேலை செய்தால், முதலாளியின் சேமலாப நிதிப் பங்கில் மட்டும், வட்டியைச் சேர்க்காமலே, 288,000 ரூபாவை இழக்கிறார்.

பெயரை மாற்றியதால் சம்பளம் சம்பளமல்லாமல் போய்விடாது. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போய் அது சம்பளமே என்று முடிவானால், நிலுவையோடு தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மிகைக் கட்டணமும் செலுத்த நேரும்.

செய்ய வேண்டியவை

கடை வேலைக்கான பயணத்துக்குத் தனி வவுச்சர் புத்தகம் வையுங்கள். திகதி, போன இடம், காரணம், தொகை, ஊழியரின் கையொப்பம் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். ஓட்டோவுக்குப் பற்றுச்சீட்டு கிடைக்காத வேளையில் இந்த வவுச்சர்தான் உங்களுக்கு ஆதாரம். ஊழியர் சொந்த மோட்டார் சைக்கிளில் போனால் ஓடிய கிலோமீற்றரையும் எழுதுங்கள். முற்பணம் கொடுத்தால் மீதியைக் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்குங்கள். நிலையான கொடுப்பனவு கொடுப்பதானால் அதைச் சம்பளப் பட்டியலிலேயே காட்டுங்கள். ஆவணங்களைக் குறைந்தது 5 வருடங்கள் பாதுகாத்து வையுங்கள்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நமது வர்த்தகர்கள் அறிவார்கள். கடன் விடயத்தில் காட்டும் அந்தக் கவனத்தைச் சம்பள ஏட்டிலும் காட்டினால் வரி அதிகாரியின் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஊழியரின் உரிமை நமது கையிலுள்ள அமானிதம். அது குறையாமல் அவரிடம் போய்ச் சேர்வதும் நமது வியாபாரத்தின் பரக்கத்தே.