நெகிழும் குருதியணு

மனிதனுடைய குருதியில் மிதக்கும் சிவப்பணு, இருபுறமும் நடுவில் குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. அதன் விட்டம் ஏறக்குறைய 8 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான் எனப்படும். உடலெங்கும் பரவியுள்ள தந்துகிகளுட் பல இவ்வணுவினும் குறுகியவை. மண்ணீரலிலோ ஏறக்குறைய ஒரு மைக்ரான் அகலமே உள்ள பிளவுகளின் வழியே அது நுழைந்து வெளிப்படவேண்டும். சுமார் 120 நாள் வாழும் சிவப்பணு, எண்ணற்ற முறை இவ்வாறு ஒடுங்கியும் நீண்டும் மீண்டும் பழைய வடிவை எய்துகின்றது. உயிர்வளியைச் சுமப்பது அதன் தொழில் என்பதைப் பலரும் அறிவர். வளைந்து கொடுக்கும் இயல்பு இல்லையேல் அத்தொழில் நடவாது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இந்நெகிழ்ச்சி எங்கிருந்து வருகின்றது? நெல்லை வாய்வரை திணித்துத் தைத்த மூட்டை வளையாது. அரைகுறையாக நிரப்பிய மூட்டையோ சுமப்பவன் தோளுக்கேற்பப் படியும். சிவப்பணு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அணு உருண்டையாக இருந்தால் அதன் உள்ளீட்டைப் பொதிய எவ்வளவு தோல் வேண்டுமோ, அதனினும் நூற்றுக்கு 40 பங்களவு மிகுதியான தோல் அதற்கு உண்டு. அத்தோலின் உட்புறத்தே ஸ்பெக்ட்ரின் என்னும் புரத இழைகள் மீன்வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இழுத்தால் அவ்வலை விரியும், விட்டால் சுருங்கும்.

இவ்வணுவினுள் குடிபுகும் பகை ஒன்று உண்டு. அதுவே மலேரியாக் கிருமி. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லவெரான், 1880-இல் நோயாளியின் குருதியில் அதனைக் கண்டார். அதன் இனங்களுட் கொடியதாகிய பால்சிபாரம், அணுவினுள் சுமார் 48 மணி நேரம் வளர்ந்து பெருகும். கிருமி வளர வளர அணு விறைத்துப்போகும். குருதி நாளங்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். மூளையின் நுண்ணிய நாளங்கள் இவ்வாறு அடைபட்டால் நோயாளி நினைவிழப்பான், இறப்பதும் உண்டு. ஆகவே, அணு எவ்வளவு விறைக்கின்றது என்பது வேடிக்கைக் கேள்வி அன்று. ஆயின், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை எதனாற் பற்றி எவ்வாறு இழுத்துப் பார்ப்பது?

அதற்கேற்ற கருவி ஒன்று இயற்பியல் அறிஞரிடமிருந்து வந்தது. பொருளின்மேல் விழும் ஒளி அதனைச் சிறிதளவு தள்ளும். நாம் உணரமாட்டாத அத்துணைச் சிறு விசைதான். எனினும் நுண்பொருளுக்கு அதுவே பெரிது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் ஆஷ்கினும் உடனாய்வாளரும் 1986-இல் லேசர் ஒளியை வில்லையாற் குவித்து, நீரில் மிதக்கும் நுண்மணியை அக்குவியத்தருகே ஒளியே பிடித்து நிறுத்துமாறு செய்துகாட்டினர். இதனை ஒளி இடுக்கி எனலாம். முதலில் பச்சை ஒளியிற் பிடிபட்ட பாக்டீரியாக்கள் மடிந்தன. 1987-இல் அகச்சிவப்பு ஒளிக்கு மாறியபின் அவை பிடியில் இருந்தவாறே இனம் பெருக்கின! இப்பணிக்காக 2018-இல் ஆஷ்கின் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 96.

இடுக்கியைக் கொண்டு சிவப்பணுவை இழுத்துப் பார்த்தவர்களுள் பொறியியலாரும் இருந்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் பட்டம் பெற்ற சுப்ரா சுரேஷ், உலோகங்கள் ஓயாத சுமையால் களைத்து முறிவதை ஆராய்ந்தவர். அவர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது, அவருடைய குழுவினர் அணுவின் இரு கோடிகளிலும் சிலிக்கா மணிகளை ஒட்டவைத்தனர். ஒரு மணி கண்ணாடித் தட்டில் பதிந்திருக்க, மற்றதை ஒளி பற்றிக்கொண்டது. தட்டை மெல்ல நகர்த்தவே அணு நீண்டது. அவர்கள் செலுத்திய விசை சில நூறு பிக்கோநியூட்டன். ஒரு நியூட்டனை இலட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே பிக்கோநியூட்டன். கிருமி முதிர்ந்த அணு, நலமுள்ள அணுவினும் பத்து மடங்குவரை விறைத்திருந்ததை 2005-இல் அவர்கள் வெளியிட்டனர்.

விறைப்பின் அளவு தெரிந்தது. காரணத்தைக் கூற இடுக்கியால் இயலவில்லை. அதற்குக் கிருமியின் மரபணுக்களை அறிந்தவர் வேண்டியிருந்தனர். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் துணைநின்றனர். கிருமி அணுவினுட் புகுந்த தொடக்க நிலையில் ‘ரெசா’ என்னும் புரதத்தை வெளியிடும். அப்புரதம் சென்று பற்றுவது ஸ்பெக்ட்ரின் வலையையே. அதற்குரிய மரபணுவைச் சிதைத்த கிருமிகளைப் புகுத்தி அணுக்களை இழுத்துப் பார்த்தனர். அவ்வணுக்கள் அத்துணை விறைக்கவில்லை. மரபணுவை முன்போலச் சீராக்கிய கிருமிகளைப் புகுத்தியபோது விறைப்பு மீண்டும் தோன்றியது. இம்முடிவு 2007-இல் வெளியாயிற்று.