கரி மாற்றும் செலவு யார் தலையில்?

குடிநீர்க் கிணற்றில் ரசாயனம் கலந்துவிட்டது, நகராட்சி சுத்திகரிப்புத் தொட்டி வைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று ஒரு செய்தி வந்தால், அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்தத் தொட்டியை அடுத்த முப்பது, நாற்பது வருடம் யார் காசில் ஓட்டுவது என்பது செய்தியில் வருவதில்லை. அதைப் பற்றி ஊரில் புழங்குவதெல்லாம் நம்பிக்கைகள்தான்.

இதைப் பேசக் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பொருத்தமான ஊர். சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கும் பாதாம் தோப்புகளுக்கும் நடுவில், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் நகரம். 2004 வரை அது குடித்ததெல்லாம் ஆழ்துளைக் கிணற்று நீர். இன்றும் 200க்கு மேற்பட்ட கிணறுகள் நகரத்தின் கையில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பக்கத்தில் கரி நிரப்பிய எஃகுத் தொட்டிகள் நிற்கின்றன.

நம்பிக்கை: தொட்டி வைத்ததோடு செலவு முடிந்தது.

முதலில், தண்ணீரில் என்ன இருந்தது? டி.பி.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நூற்புழுக்கொல்லி. திராட்சை வேரைத் தின்னும் நூற்புழுவை ஒழிக்க 1950களிலிருந்து மண்ணுக்குள் செலுத்தினார்கள். அன்றைய மற்ற மருந்துகளைப் பெரும்பாலும் நடவுக்கு முன்புதான் போட முடிந்தது. இதை நின்றுகொண்டிருக்கும் கொடிக்கே போடலாம், கொடி சாகாது. விவசாயிகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. எலிகளின் விதைப்பையை இது பாதிக்கிறது என்று 1961லேயே ஆய்வு வெளிவந்திருந்தது. 1977ல் கலிபோர்னியாவின் லாத்ரோப் ஊரில் ஆக்சிடென்டல் நிறுவன ஆலையில் இதைக் கையாண்ட ஆண் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று ஒருவரோடொருவர் பேசிப் பரிசோதனைக்குப் போன பிறகுதான் விஷயம் வெடித்தது. அந்த வருடமே கலிபோர்னியா இதன் பயன்பாட்டை நிறுத்தியது. 1979ல் ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக நாடு முழுவதும் தடை வந்தது. ஆனால் மணற்பாங்கான மண் வழியே கீழே இறங்கிவிட்ட மருந்துக்குத் தடையாணை தெரியாதே. அது நிலத்தடி நீரில் பல பத்தாண்டுகள் சிதையாமல் கிடக்கும்.

அதைப் பிடிக்கத்தான் ஆக்டிவேட்டட் கார்பன். நுண்ணிய துளைகள் நிறைந்த கரி. தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது ரசாயனம் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்ட இடம் தீர்ந்ததும் ரசாயனம் மறுபக்கம் வெளியேறத் தொடங்கும். அதனால் தொட்டிகளை இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது வழக்கம். முதல் தொட்டி தோற்றால் இரண்டாவது தாங்கும். பிறகு முதல் தொட்டியின் கரியை அள்ளி வெளியேற்றி, புதுக்கரி நிரப்பி, வரிசையை மாற்றுவார்கள். பரவலாகப் பயன்படும் பெரிய தொட்டி ஒன்றில் சுமார் 9 டன் கரி பிடிக்கும். இந்தக் கரியை நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள், தேங்காய்க் கொட்டாங்குச்சியிலிருந்தும் செய்கிறார்கள். கொட்டாங்குச்சிக் கரியை உலகத்துக்கு அனுப்பும் இடங்களில் இலங்கையும் நம் கொங்கு வட்டாரமும் உண்டு என்பதால், தேங்காய் விளைச்சல் குறைந்து இங்கே விலை ஏறினால் எங்கோ ஒரு நகராட்சியின் பட்ஜெட்டிலும் அது தெரியும்.

கரியோடு நிற்பதில்லை. அத்தனை டன் கரி வழியே தண்ணீரைத் தள்ளக் கூடுதல் மின்சாரம் வேண்டும். வால்வு, பெயின்ட், துரு, கழிவுக்கரியை ஏற்றிச் செல்லும் லாரி, அதைச் சூளையில் சுட்டுப் புதுப்பிக்கும் கூலி, மாதாமாதம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் ஆள் என்று பட்டியல் நீளும். தொட்டி வாங்கிய விலை ஒருமுறைச் செலவு. மற்றதெல்லாம் கிணறு ஓடும்வரை ஓடும்.

நம்பிக்கை: தண்ணீர் கெட்டால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும், பரிசோதனைக்கு இத்தனை செலவு எதற்கு?

டி.பி.சி.பி.க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். எந்த நாக்குக்கும் அது எட்டாது.

நம்பிக்கை: வாஷிங்டனிலிருந்து பணம் வருமே.

வரும், கட்டுவதற்கு. 1996ல் அமெரிக்கக் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, மாநிலங்கள் வழியாகக் குறைந்த வட்டிக் கடனும் சில இடங்களில் மானியமும் தரும் சுழல்நிதி ஒன்றை உருவாக்கினார்கள். இன்றுவரை குடிநீருக்கான கூட்டரசுப் பணத்தின் முக்கிய வாய்க்கால் அதுதான். குழாய், தொட்டி, பம்பு, புதுக்கிணறு எல்லாவற்றுக்கும் அதில் வாங்கலாம். அன்றாட இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பது விதி. கரி மாற்றுவது அந்தப் பக்கத்தில் வருகிறது.

விதிக்குக் காரணம் இருக்கிறது. தினசரிச் செலவை மேலிடம் ஏற்றால் ஊர்கள் கட்டணத்தை உயர்த்தவே மாட்டா என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். திறப்புவிழா நடத்தக்கூடிய செலவுக்கெல்லாம் பணம் தர ஆள் இருக்கிறது, யாரும் ரிப்பன் வெட்டாத செலவுக்கு யாருமில்லை. சிறிய ஊர்கள் இதில் நொடித்துப்போயின. தொட்டியை இனாமாகப் பெற்றுவிட்டு அதை ஓட்ட முடியாமல் விழித்தன. இந்த ஓட்டையை அடைக்கத்தான் கலிபோர்னியா 2019ல் எஸ்.பி. 200 என்ற சட்டம் கொண்டுவந்து, வருடத்துக்கு 13 கோடி டாலர் வரை, 2030 வரை, தனிநிதி ஒன்றை ஒதுக்கியது. அதிலிருந்து இயக்கச் செலவுக்கும் கொடுக்கலாம். ஆனால் அது முதலில் பார்ப்பது கட்டணம் கட்ட வழியில்லாத ஏழைச் சிற்றூர்களை. ஃபிரெஸ்னோ அளவு நகரம் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

நம்பிக்கை: தண்ணீர் நம் காலடியில் கிடக்கிறது. கட்டணத்தை ஏற்றுவது நகராட்சியின் பேராசை.

இந்த நம்பிக்கைக்கு ஃபிரெஸ்னோவில் தனி வரலாறே உண்டு. வெகுகாலம் அங்கே வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. எவ்வளவு திறந்துவிட்டாலும் மாதம் ஒரே தொகை. 1990களில் வீட்டு மீட்டர் கூடாது என்று நகரச் சாசனத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். கூட்டரசின் கால்வாய்த் திட்டத்திலிருந்து நீர் வாங்கும் ஊர்கள் 2013க்குள் மீட்டர் பொருத்தியாக வேண்டும் என்று மாநிலச் சட்டம் வந்த பிறகே மீட்டர் வந்தது. அதுவரை, கிணற்று நீர் என்றால் மின்சாரக் காசு மட்டும்தான் என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கே படிந்துபோயிருந்தது.

பேராசைக் குற்றச்சாட்டு சட்டத்தின் முன் நிற்காது. 1996ல் கலிபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி, தண்ணீர்க் கட்டணம் அதை வழங்கும் செலவைத் தாண்டக்கூடாது. ஏற்றுவதற்கு 45 நாள் முன்பே ஒவ்வொரு சொத்துக்கும் நோட்டீஸ் போக வேண்டும். பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுத்தில் எதிர்த்தால் உயர்வு செத்தது. லாபம் பார்க்க வழியில்லை. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒருவரிடம் கூடுதலாக வாங்கி, கட்ட முடியாத இன்னொருவருக்குச் சலுகை தரவும் இதே விதி இடம்கொடாது. கரி விலை ஏறினால் தனியாக வாழும் மூதாட்டிக்கும் அதே வீதத்தில்தான் ஏறும். கட்டணத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரையும் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான்.

2013ல் நகர மன்றம் பெரிய உயர்வு ஒன்றை நிறைவேற்றியது. முன்னாள் மாவட்ட மேற்பார்வையாளர் டக் வேகிம் தலைமையில் மக்கள் கையெழுத்து திரட்டினார்கள், வழக்கு நடந்தது, 2014ல் மன்றமே உயர்வைத் திரும்பப் பெற்றது. 2015ல் வேறு வடிவத்தில் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

நம்பிக்கை: கெட்ட கிணறுகளை மூடிவிட்டு ஆற்றுநீருக்கு மாறிவிடலாம்.

பாதி மாறினார்கள். 2004ல் வடகிழக்கில் ஒரு ஆற்றுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், 2018ல் தென்கிழக்கில் அதைவிடப் பெரிய ஒன்று. நிலத்தடி நீர்மட்டத்தைக் காக்க அது தேவையாகவும் இருந்தது. ஆனால் 2014, 2015 வறட்சியில் ஃப்ரையன்ட் அணையிலிருந்து ஒப்பந்த நீர் பூஜ்யம், இரண்டு வருடமும். அப்போது ஊரைக் காப்பாற்றியது கிணறுகள். ஆற்றுநீரின் வேதிக்குணமும் வேறு. வடகிழக்கு வீடுகளின் பழைய துத்தநாகப் பூச்சுக் குழாய்களை அது அரித்து, பழுப்புத் தண்ணீர் வருகிறது என்ற புகார்கள் 2016ல் பெரிய விவகாரமாயின. கிணறும் வேண்டும், ஆறும் வேண்டும், இரண்டையும் பராமரிக்க வேண்டும். மாற்றம் செலவைக் குறைக்கவில்லை, இரண்டாகப் பிரித்தது.

நம்பிக்கை: கெடுத்தவர்கள்தான் பணம் கட்டிவிட்டார்களே.

எல்லா நம்பிக்கைகளிலும் இதுதான் உண்மைக்கு மிக அருகில் இருப்பது, அதனாலேயே அதிகம் ஏமாற்றுவதும். டி.பி.சி.பி. தயாரித்த டவ், ஷெல், ஆக்சிடென்டல் நிறுவனங்கள்மேல் ஃபிரெஸ்னோ வழக்குப் போட்டது. 1995ல் சமரசம் ஆனது. உடனடியாக 2.1 கோடி டாலர், அதற்கு மேல் 40 ஆண்டுகளுக்குக் கிணறுகளைச் சுத்தம் செய்யும் செலவில் நிறுவனங்களின் பங்கு. அந்த இரண்டாவது பகுதிதான் புத்திசாலித்தனம் என்பேன். தலைப்புச் செய்தியில் பெரிய எண்ணுக்குத்தான் மவுசு. ஆனால் ஒரே தொகையாக வாங்கும்போது, கரி எத்தனை மாதம் தாங்கும், விலை எவ்வளவு ஏறும், வங்கி வட்டி என்ன கிடைக்கும், நஞ்சு எத்தனை வருடம் நீடிக்கும் என்ற நான்கு ஊகங்களையும் ஊரே சுமக்கிறது. வழக்கறிஞர் பங்கும் பெரும்பாலும் அதிலிருந்தே போகும். போதாக்குறைக்கு, கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் அடுத்து வரும் மன்றத்துக்கு வேறு யோசனைகள் வரும். தனிக் கணக்கில் பூட்டிவைக்காத தொகை கரிக்குப் போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆனாலும் 40 ஆண்டு என்பது முடிகிற கணக்கு, 2035ல். அதற்குள் இன்னொரு விருந்தாளி வந்துவிட்டார்.

டி.சி.பி. என்பது வேறொரு ரசாயனம். ஷெல்லின் டி-டி உள்ளிட்ட பழைய மண்மருந்துகளில் அசுத்தமாகக் கலந்திருந்தது, நூற்புழுவைக் கொல்வதில் அதற்கு எந்த வேலையும் இல்லை. கழிவை மருந்தோடு சேர்த்தே விற்றுவிட்டார்கள் என்பது வழக்குப் போட்ட ஊர்களின் வாதம். கலிபோர்னியா 2017 டிசம்பரில் அதற்கு லிட்டருக்கு 0.005 மைக்ரோகிராம் என்று உச்ச அளவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டி.பி.சி.பி.யின் அளவைவிட 40 மடங்கு கடுமை. அதற்கு ஒரு வருடம் முன்பு, ஃபிரெஸ்னோவை ஒட்டியிருக்கும் க்ளோவிஸ் நகரத்துக்கு ஷெல் சுமார் 2.2 கோடி டாலர் தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்திருந்தது. அது ஒரே தொகை.

டி.சி.பி.க்கும் அதே கரிதான் மருந்து. ஆனால் அளவு இத்தனை நுண்ணியது என்பதால், டி.பி.சி.பி.க்கு இன்னும் நல்ல நிலையில் இருக்கும் கரியை டி.சி.பி.க்காக முன்கூட்டியே அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். தொட்டி ஒன்று, கரி ஒன்று, இரண்டு ரசாயனமும் ஒரே லாரியில் போகின்றன. பழைய ஒப்பந்தங்கள் எழுதப்பட்டது ஒரு ரசாயனத்தின் பெயரில் மட்டும். இந்தமுறை கரி மாற்றியது எதற்காக என்று ஆய்வக அறிக்கையைப் பார்த்துத் தேதிவாரியாகப் பிரித்து, இவ்வளவு அவர்கள் பங்கு, இவ்வளவு கட்டணத்தில் சேர்ப்பது என்று எழுதும் வேலை நகராட்சியின் கணக்குப் பிரிவுக்கு வந்து சேர்கிறது. அந்தப் பதிவேட்டைச் சரியாக வைத்திருக்கும் ஊருக்குத்தான் 2035க்கு முன் மேசையில் உட்கார்ந்து நீட்டிப்புக் கேட்கக் கையில் ஏதாவது இருக்கும்.