வான்வழி உதவியும் காப்பு விதிகளும்

நுழையும்முன்

பேரிடர்க் காலத்தில் ஒவ்வொரு மணித்துளியும் உயிருக்கு நிகரானது. அந்த அவசரத்திலும் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டுமா என்னும் வினா எழுவது இயல்பே. விடையை நிகழ்வுகள் வழியாக இப்பாடம் ஆராய்கிறது.

வெள்ளமும் வானூர்தியும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தென்சென்னை வெள்ளக்காடாயிற்று. பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அடையாற்று வெள்ளம் ஓடுபாதையில் பரவியதால் சென்னை விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளம் பயணியர் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் மீட்புப் பணிக்குப் பறந்தன.

வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு உணவு மட்டும் போதாது. மின்னாக்கிக்குப் பெட்ரோல், நோயாளிக்கு ஆக்சிஜன் உருளை, கிருமிநீக்கத்திற்குப் பிளீச்சிங் பவுடர், தொலைத்தொடர்புக் கருவிக்கு லித்தியம் மின்கலம் ஆகியனவும் தேவை. உயிர்காக்கும் இவையனைத்தும் விமானத்தில் ஏறும்போது இடர்தரும் பொருள்களாகின்றன. சாலையில் செல்லும் சரக்குந்தில் தீப்பற்றினால் ஓட்டுநர் இறங்கி ஓடலாம். நடுவானில் அதற்கு வழியில்லை. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், சரியாக மூடப்படாத கலனிலிருந்து நீர்மமோ வாயுவோ கசியவும் கூடும்.

ஒன்பது வகைகள்

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையே உலக விமானப் போக்குவரத்திற்கு அடித்தளம். அதன் 18ஆம் பிற்சேர்க்கை, இடர்தரும் பொருள்களை விமானத்தில் கொண்டுசெல்வது பற்றியது. இந்தியாவில் இதற்கெனத் தனி விதிகள் 2003இல் இயற்றப்பட்டன. வெடிபொருள், வாயு, தீப்பற்றும் நீர்மம், தீப்பற்றும் திண்மம், ஆக்சிஜனேற்றி, நச்சு, கதிரியக்கப்பொருள், அரிபொருள், பிற என இப்பொருள்கள் ஒன்பது வகைப்படும். அனுப்புநர் பொருளின் தன்மையை உண்மையாக அறிவித்தல், உரிய கலனில் அடைத்தல், அடையாள முத்திரை ஒட்டுதல், விமானிக்கு எழுத்து வடிவில் தெரிவித்தல் ஆகியன இன்றியமையாதவை. ஆக்சிஜனேற்றியான பிளீச்சிங் பவுடரைப் பெட்ரோலுக்கு அருகில் வைக்கலாகாது. ஒன்று மற்றொன்றின் தீயைப் பெருக்கும்.

ஒரு சொல்லின் பிழை

1996ஆம் ஆண்டு மே 11 அன்று, அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து புறப்பட்ட பயணியர் விமானம் சில நிமிடங்களில் தீப்பற்றிச் சதுப்புநிலத்தில் விழுந்தது. அதிலிருந்த 110 பேரும் உயிரிழந்தனர். காலாவதியான ஆக்சிஜன் ஆக்கிகள் பாதுகாப்பு மூடியின்றிச் சரக்கறையில் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே வேதிப்பொருள் இருந்தும், ஆவணத்தில் அவை ‘காலி’ எனக் குறிக்கப்பட்டிருந்தன.

விலக்கும் பொறுப்பும்

மிக அவசரமான சூழலில் விதிவிலக்கு அளிக்கும் உரிமையை மேற்கண்ட பிற்சேர்க்கை அரசுகளுக்கு வழங்குகிறது. ஆயினும், விதி தரும் பாதுகாப்புக்கு நிகரான பாதுகாப்பை வேறு வழியில் உறுதிசெய்ய எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கு என்பது பொறுப்பிலிருந்து விடுதலை அன்று.

2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது மருத்துவமனைகள் ஆக்சிஜனின்றித் தவித்தன. திரவ ஆக்சிஜன் ஏறத்தாழ −183 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஆவியாகும்போது பல நூறு மடங்கு விரியும். மூடிய சரக்கறையில் அது கசிந்தால் சிறு பொறியும் பெருந்தீயாகும். எனவே, இந்திய விமானப்படை காலிக் கொள்கலன்களை மேற்கு வங்கத்தின் பானாகர் முதலிய இடங்களுக்குப் பறந்து சேர்த்தது. நிரப்பப்பட்ட கொள்கலன்கள் தொடர்வண்டியிலும் சாலையிலும் திரும்பின. அவ்வாண்டு மே மாதம் துர்காபூரிலிருந்து ஆக்சிஜன் ஏற்றிய தொடர்வண்டி சென்னைத் தண்டையார்பேட்டையை வந்தடைந்தது. வெறுங்கலன் வானில் சென்றதால் பயண நேரம் மிச்சமானது. நிறைகலன் தரைவழி வந்ததால் விமானமும் அதனை இயக்கியோரும் காக்கப்பட்டனர்.

உதவி கேட்டுக் காத்திருப்பவர் உயிரும் உதவி கொண்டுசெல்பவர் உயிரும் ஒரே மதிப்புடையவை. இரண்டையும் ஒருங்கே காப்பதற்கே விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

கற்பவை கற்றபின்

1. வீட்டில் பயன்படும் பொருள்களுள் விமானத்தில் இடர்தரக்கூடிய ஐந்தினைக் காரணத்துடன் பட்டியலிடுக.
2. ‘விலக்கு என்பது பொறுப்பிலிருந்து விடுதலை அன்று’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.