வீட்டு முகப்பிற்கேற்ற குறுஞ்செடிகள்

வீட்டின் முன்சுவரை ஒட்டி வரிசையாகச் செடி வளர்க்கும் முறை மேனாட்டாரிடமிருந்து நம்மவர் கற்றதொன்று. அமெரிக்க நாட்டில் நிலவறையோடு கட்டப்பெற்ற வீடுகளின் அடிச்சுவர் தரைக்குமேல் உயர்ந்து அழகின்றித் தோன்றியமையால், அதனை மறைத்தற்பொருட்டே அடர்ந்த செடிகளை அதனருகில் நட்டனர். நம் பழைய வீடுகட்கோ திண்ணையும் வாசற்கோலமுமே முகப்பாக விளங்கின. ஆண்டு மறைக்கவேண்டுவது யாதுமில்லை. திண்ணை அருகி, மதிலுக்கும் வீட்டிற்கும் இடையே நான்கைந்து அடி நிலமே எஞ்சும் இந்நாளில், அதன்கண் எச்செடியை நடுவது என்னும் வினா எழுகின்றது. பிறநாட்டு நூலைப் பார்த்து அவ்வாறே செய்தல் ஈண்டுப் பயன்படாது என்பதே எம் கருத்து.

செடியை விலைக்குக் கொள்ளுங்கால் அதன் அப்போதைய உருவங் கண்டு மயங்குதல் கூடாது. தொட்டியில் ஓரடி உயரமாய் நிற்கும் நந்தியாவட்டை ஆறடிக்கு மேலும் வளரும். செம்பருத்தியும் அரளியும் பத்தடியை எட்டுதலுமுண்டு. ஆறடி அகலம் படரும் செடியைச் சுவரினின்று மூன்றடி தள்ளி நட்டாலும் அதன் கிளை சுவரைத் தொடும். இன்னும் ஓரடி விட்டாலன்றிக் காற்று நுழையாது. காற்று நுழையாத சுவர் ஈரங் காத்துப் பாசி பிடிக்கும். கறையான் ஏறும் தடமும் கண்ணிற்படாது. சாளரத்தின் அடிவிளிம்பு மூன்றடி உயரத்தில் இருக்குமாயின், அதன்கீழ் மூன்றடிக்கு மேற்படாத செடியே தக்கது. வெட்டிக் குறைத்துக்கொள்ளலாமே என்பாருமுளர். வெட்சியின் பூங்கொத்து கிளை நுனியிலன்றோ தோன்றுகின்றது? மாதந்தோறும் நுனியைக் கத்தரித்துப் பெட்டிபோல் ஆக்குவோர் வீட்டில் இலையுண்டு, பூவில்லை. குட்டை வெட்சி என ஒருவகை கிடைக்கின்றது. இரண்டு மூன்று அடிக்குள் நிற்பதாகலின் அதற்குக் கத்தரி வேண்டுவதில்லை.

வெட்சியென்றவுடன் ஆநிரை கவர்ந்த மறவரை நினைப்பது தமிழ் பயில்வார் இயல்பு. தொல்காப்பியம் புறத்திணைகளுள் முதற்கண் கூறும் வெட்சி, இற்றைநாளில் ‘இட்லிப்பூ’ என்னும் பெயரோடு நம் வாயிலில் நிற்றல் வியப்பே. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். எனினும் சுவரோரத்தில் இதற்கொரு குறையுண்டு. கட்டட வேலையில் உதிர்ந்த சுண்ணாம்பும் சிமிட்டியும் அம்மண்ணிற் கலந்திருத்தலின், வேர் இரும்புச்சத்தை ஏற்கமாட்டாது. இளந்தளிரில் நரம்பு மட்டும் பசுமையாக நிற்ப, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாகும். பலர் இதனை நீர்க்குறையென எண்ணி மேலும் நீர் ஊற்றுவர். கிணற்று நீர் சுண்ணாம்பு மிக்கதாயின் நோய் பெருகுமேயன்றிக் குறையாது. இரண்டடி ஆழம் அகழ்ந்து பழைய மண்ணை அகற்றிச் செம்மண்ணும் இலைமக்கும் இட்டபின் நடுதலே நேரிய வழி.

இனி, வெயில். ஆங்கில நூல்கள் வடசுவரை எக்காலமும் நிழலுடையதாகக் கூறும். அது அவர்தம் நாட்டிற்குப் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் இறுதி தொடங்கி ஆகஸ்டு நடுவரையில் நண்பகற் கதிரவன் உச்சிக்கு வடபாற் செல்கின்றான். ஆதலின் ஆண்டு முழுதும் நிழல் வேண்டும் மென்செடியை வடசுவரோரம் நட்டால், கோடையில் இலை கருகும். சிறிது நிழலையும் சிறிது வெயிலையும் ஒப்பத் தாங்கும் நந்தியாவட்டையே அப்பக்கத்திற்கு ஏற்றது. மேற்குச் சுவரின் பிற்பகல் வெம்மையைக் காகிதப்பூச்செடி பொறுக்கும். முள்ளுடைமையின் நடைபாதைக்கு விலகி நிற்கட்டும்.

மல்லிகையை விரும்பாதார் யார்? ஆனால் கோடையில் நிறையப் பூக்கவேண்டின், நவம்பர் இறுதியில் அதனைக் கவாத்துச் செய்தல் வேண்டும். அங்ஙனஞ் செய்தால் கிறிஸ்துமஸ் காலத்தில் விருந்தினர் காண்பன வெறுங்குச்சிகளே. மணத்திற்காக அதனைச் சாளரத்தருகே வைத்து, முன்னே பசுமை மாறாத குட்டை வெட்சியை நிறுத்துதல் நன்று.

அப்பண்டிகையை முன்னிட்டுச் சிலர் விரும்பும் பாயின்செட்டியா மெக்சிகோ நாட்டுச் செடி. அதன் செந்நிறம் பூவன்று, இலையே. நீண்ட இருள் தொடர்ந்து வாய்த்தாலன்றி அது சிவவாது. தெருவிளக்கின் ஒளி இரவெல்லாம் படும் முகப்பில் டிசம்பரிலும் பச்சையாகவே நின்று உடையாரை ஏமாற்றும்.

அரளியைப்பற்றி அழுத்தமாகச் சொல்லவேண்டியதுண்டு. வறட்சியைத் தாங்கும், ஆடுமாடு கடியா, ஆண்டின் பெரும்பகுதி பூக்கும் என்று பலர் அதனையே தேர்கின்றனர். ஆடுமாடு கடியாமைக்குக் காரணம் அதன் நஞ்சு. இலை, பூ, பட்டை, வேர் யாவும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையன. பொன்னரளியின் விதையும் அத்தகையதே. எதனையும் வாயிலிடும் பருவத்துக் குழந்தை தவழும் வாயிலில் இவற்றை நடுதல் தகாது. முன்னரே வளர்ந்து நிற்பின், கையுறையணிந்து வேரோடு எடுத்து, குழந்தையும் கால்நடையும் அணுகாத குழியிற் புதைக்கவேண்டும். அதன் புகையுங் கேடு விளைப்பதாகலின் அடுப்பிலிடுதலும் ஆகாது. அவ்விடத்திற்குச் செம்பருத்தி ஒக்கும். மாவுப்பூச்சி பற்றுகின்றதாவென இலையின் அடிப்புறத்தை வாரமொருமுறை திருப்பிப் பார்த்து, கண்டவுடன் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டாற் போதும்.