சாச்சியின் கேள்வி

எனது சாச்சியின் மகளுக்குத் தலசீமியா. மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். "எனக்கும் வருத்தமில்ல, அவருக்கும் வருத்தமில்ல. புள்ளைக்கு மட்டும் எப்படி வந்த?" என்று சாச்சி உம்மாவிடம் கேட்டு அழுவார். உயர்தர வகுப்பில் பரம்பரையியல் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

நமது உடற்கலங்களின் கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு உண்டு. நான்கு வகை மூலங்கள் அதில் எழுத்துக்களைப் போல வரிசையாக அமைந்துள்ளன. ஒரு புரதத்தை ஆக்கும் குறிப்பு எழுதப்பட்ட பகுதியே பரம்பரையலகு. கலம் அதனை ஆர்.என்.ஏ.யாகப் பிரதி எடுக்கும். இறைபோசோம்கள் அப்பிரதியை மும்மூன்று எழுத்தாக வாசித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும். அப்புரதத்தின் வேலையே நாம் காணும் இயல்பாக வெளிப்படுகிறது.

ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினில் இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளும் உள்ளன. பீற்றாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதற்குரிய பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதில் சில இடங்களில் ஓர் எழுத்து மாறினாலே சங்கிலி குறைவாக உருவாகும், அல்லது உருவாகவே மாட்டாது. சோடியில்லாத அல்பாச் சங்கிலிகள் படிந்து, செங்குழியங்கள் என்பு மச்சையிலேயே அழியும். பிள்ளை வெளிறிக் களைப்பது அதனால்தான்.

இப்பரம்பரையலகு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு. ஒன்று உம்மா தந்தது, மற்றது வாப்பா தந்தது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். அத்தகையவர் காவி, நோயாளியல்லர். சாச்சியும் சாச்சாவும் காவிகள். இரு காவிகள் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே மாற்றத்தைக் காவும் வாய்ப்புக் கூடுகிறது.

இதைக் கொப்பியில் வரைந்து காட்டினேன். "அப்போ, நான் வயித்துல வச்சிருக்கக்குள்ள செஞ்ச பிழையில்லையா?" என்றார் சாச்சி. "யாருடைய பிழையுமில்லை சாச்சி" என்றேன். நீண்ட நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர்களே, காவியைத் தோற்றத்தால் அறிய முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். காவியென்றால் கலியாணம் நின்றுவிடும் என்றும் அஞ்ச வேண்டாம். மணப்பவரின் பரம்பரையலகுகள் இரண்டும் நல்லவையாயின் பிள்ளைக்கு இந்நோய் வராது.

உம்மா சாச்சியின் கூடப்பிறந்தவர். அவரும் காவியாக இருக்கலாம். ராத்தாவுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இந்த விடுமுறையில் உம்மா, ராத்தா, நான் மூவரும் பரிசோதனைக்குச் செல்கிறோம்.