சவேரியாரைத் தேடிய ஜெர்மானியத் துறவி

பத்தாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

எங்கள் தெருமுனையில் நின்று "சவரிமுத்து" என்று கூப்பிட்டால் மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். புனித சவேரியார் திண்டுக்கல் பக்கம் வந்தவர் அல்லர். 1542ஆம் ஆண்டு முதல் அவர் நடந்து திரிந்தது தூத்துக்குடி, மணப்பாடு முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில்தான். ஆயினும் அவர் பெயர் நம் மலையடிவாரம் வரை வந்துவிட்டது. பெயரோடு கதைகளும் வந்தன. அவர் கற்காமலே எல்லா மொழிகளையும் பேசினார் என்பது என் அப்பத்தா சொல்லும் கதை. நானும் அதை நம்பியே வளர்ந்தேன்.

அக்கதையைச் சான்றுகளோடு ஆராய்ந்த திருச்சபை வரலாற்றாசிரியர் ஒருவர் உண்டு. அவரே சேசு சபைத் துறவி கியோர்க் ஷூர்ஹாமர். 1882இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்தவர். 1908இல் பம்பாய்க்கு வந்தார். இந்தியாவில் இருந்தபோது உடல்நலம் குன்றியது. 1910இல் கோவாவில் சவேரியாரின் திருவுடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது அங்கே சென்று, புனிதரின் வரலாற்றை எழுதுவதாக நேர்ந்துகொண்டார். நம் ஊரில் மொட்டை போடுவதாகவோ மெழுகுதிரி ஏற்றுவதாகவோ நேர்ந்துகொள்வார்கள். அடுத்த திருவிழாவிற்குள் தீர்ந்துவிடும். இவருடைய நேர்ச்சைக்கு அறுபது ஆண்டுகள் போதவில்லை!

ஏன் இவ்வளவு காலம்? பிறர் எழுதிய புத்தகத்தைப் பார்த்து எழுத அவர் மனம் ஒப்பவில்லை. சவேரியார் காலத்துக் கடிதத்தையே கண்ணால் காண வேண்டும் என்றார். போர்த்துக்கல் முதலிய நாடுகளின் ஆவணக் காப்பகங்களில் தேடினார். 1538 முதல் 1552 வரையுள்ள சில ஆண்டுகளுக்கு மட்டும் 6080 ஆவணங்களைக் குறிப்பெடுத்து 1932இல் ஒரு நூலாக வெளியிட்டார். இது வரலாறு அன்று, வரலாறு எழுதுவதற்கு முன் செய்த வேலை!

சவேரியாரின் கடிதங்களில் 'இனிக்கித்ரிபெரிம்', 'பெத்தே பெருமாள்' என்று இரண்டு அரசர்கள் வருகிறார்கள். வாயில் நுழையாத இப்பெயர்களைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு, முன்னவர் உண்ணி கேரளத் திருவடி, பின்னவர் கயத்தாறு வெட்டும் பெருமாள் என்று இவர் விளக்கினார். நம் தென்பாண்டி நாட்டு வரலாற்றில் ஒரு பக்கம் தெளிவானது.

இனி அந்த மொழிக் கதைக்கு வருவோம். கடிதங்கள் சொல்வது வேறு. சவேரியார் இரு மொழியும் அறிந்தவர்களைத் தேடிச் சேர்த்து, மிகுந்த பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று, கூடியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் அருகில் இல்லாத நாள்களில், மக்கள் சொல்வது தமக்கும் தாம் சொல்வது மக்களுக்கும் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இன்னொரு கடிதத்தில் தம் துணைவர் மான்சிலாசுக்கு ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லி வந்தார்களாம். அதற்கு 'விரும்புகிறேன்' என்றுதான் பொருள்; ஆகவே 'விசுவாசம்' என்ற சொல்லை வைத்துச் சொல்லும் என்கிறார்!

வரலாற்று ஆசிரியை சகோதரி இதைச் சொன்னபோது எனக்கு வருத்தமே வந்தது. புனிதரின் புகழை ஒரு துறவியே குறைக்கலாமா? லட்சக்கணக்கில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்ற கணக்கையும் இவர் ஏறத்தாழ 30,000 என்று குறைத்துவிட்டாரே! ஆனால் அன்றிரவு ஆங்கிலப் பாடத்தைப் பாதி பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அந்த 'வேணும்' நினைவுக்கு வந்தது. அன்றுதான் முதன்முறையாகச் சவேரியாரை எனக்குத் தெரிந்தவர்போல நினைத்தேன்.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகவே கற்றார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி எழுத்துகளில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது அதுவே. அதன் பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1952இல் அந்நூலைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் ஷூர்ஹாமரும் ஒருவர்.

நேர்ந்துகொண்ட வரலாற்றின் முதல் பகுதி 1955இல் வந்தது. அப்போது அவருக்கு எழுபத்துமூன்று வயது. 1963இலும் 1971இலும் அடுத்த பகுதிகள் வந்தன. 1971 நவம்பர் 2ஆம் நாள் உரோமையில் இறந்தார். கடைசிப் பகுதி 1973இல் வெளியாயிற்று.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் தயங்கினேன். ஒருநாள் சொல்லிவிட்டேன். 'வேணும்' என்ற இடத்தில் சிரித்துவிட்டார்கள். பிறகு, "அந்தச் சாமியார் முழுசா எழுதி முடிச்சாராடி?" என்று கேட்டார்கள். கடைசிப் புத்தகத்தை அவர் பார்க்கவில்லை என்றேன். "கல்லறைத் திருநாள் அன்னிக்கே போயிருக்காரே" என்று சொல்லி, அன்று செபமாலையில் அவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொன்னார்கள்.

மறுநாள் தம்பிக்குக் கதை சொல்லும்போது சவேரியார் பழையபடி எல்லா மொழிகளையும் பேசினார்.